திரைச்சீலைக்கு இரண்டு வண்டி

லாரி இருமத் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சமதளத்தில் நல்ல பிள்ளை மாதிரிதான் போகும். மேட்டைக் கண்டால் அதற்கு நெஞ்சு அடைக்கும். பாதி ஏற்றத்தில் ஒரு தும்மல், ஒரு குலுக்கல், பிறகு நடுரோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். வயசான வண்டி, மேடு ஏறினால் மூச்சு வாங்காதா, எனக்கே வாங்குகிறது என்று டிரைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் அதை மறுத்துப் பேசவில்லை. நம்பவும் இல்லை.

அவர் மனைவி தையல்காரி. லாரி தும்முகிற ஒவ்வொரு தடவையும் அவள் மிச்சமிருக்கிற நாட்களை எண்ணிப் பார்த்தாள். காரணம் முன்னறையில் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. கருஞ்சிவப்பு வெல்வெட்டில் இரண்டு பெரிய பாதிகளும், மேலே தொங்கவிட ஒரு மடிப்புப் பட்டையுமாக ஒரு மேடைத் திரை. மேட்டு ரோட்டின் உச்சியில் இருக்கிற மண்டபத்துக்காகத் தைத்தது. அந்தத் துணி வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து கட்டில் சுவரோரம் செங்குத்தாக நின்றது. புருஷன், பெண்டாட்டி, கூடவே இருந்த அவருடைய அக்கா என்று மூன்று பேரும் சமையலறையில் சாப்பிட்டு, பின்னறையில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். "பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டே சாப்பிடறோம்" என்று நாத்தனார் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

அதுவரை தையல்காரியிடம் வந்ததெல்லாம் சில்லறை வேலைகள். சட்டைக்குப் பட்டன், பாவாடைக்கு ஓரம், தலையணை உறை, அறுந்துபோன பள்ளிக்கூடப் பை. வாசலில் தன் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிய பிறகு வந்த முதல் பெரிய வேலை இதுதான். மண்டபப் பொறுப்பாளர் நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். நாளைக்கு மத்தியானத்துக்குள் திரை கம்பியில் தொங்க வேண்டும், சாயங்காலம் மண்டபத்தில் நிகழ்ச்சி இருக்கிறது, தொங்கவில்லையென்றால் பழைய திரையையே மாட்டிக்கொள்கிறோம், உன் துணியை நீயே வைத்துக்கொள் என்று சிரித்த முகத்தோடுதான் சொன்னார். சொன்னதைச் செய்கிறவர் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

மண்டபத்துக்குப் போக அந்த மேட்டு ரோட்டைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆகவே தையல்காரி ஒரு காரியம் செய்திருந்தாள். இரண்டு வீடு தள்ளி ஒருவர் சின்ன வேன் வைத்து முட்டை லோடு அடிக்கிறார். தெருவில் அவருக்கு முட்டைக்காரர் என்றே பெயர். அவரிடம் போய் திரை மாட்டுகிற அன்றைக்குக் காலையில் வேன் கிடைக்குமா என்று காதோடு காதாகக் கேட்டு வைத்தாள். "உனக்காக முட்டை லோடைத் தள்ளி வைக்கிறேம்மா. ஆனா முந்தின நாள் இருட்டறதுக்குள்ள வேணும், வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. முட்டை காத்திருக்காது" என்று அவர் சொன்னார்.

இது டிரைவருக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது? திரை வேலை கிடைத்த அன்றைக்கு லாரியின் பானெட்டில் தட்டி, என் பெண்டாட்டி தைக்கிற திரை என் லாரியில்தான் மேடு ஏறும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்ன மனுஷர் அவர். வாசலில் லாரியை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வேனில் திரையை ஏற்றினால், முகத்தில் அறைந்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? விஷயம் தெரிந்த ஒரே ஆள் நாத்தனார். அந்த வீட்டில் அவள் காதுக்குத் தப்பிய சேதி என்று எதுவும் இல்லை.

பட்டறை மெக்கானிக் இருந்திருந்தால் இவ்வளவு யோசனைக்கு இடமில்லை. அவர் தன் மகளுக்குப் பிரசவம் என்று ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தார். டிரைவர் இரண்டு தடவை பூட்டைப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் தடவை வரும்போது கையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே புது டீசல் ஃபில்டர்.

"இதுதான் அடைச்சிருக்கு. டாங்கில இருந்து இன்ஜினுக்குப் போற வழியில இது சல்லடை மாதிரி. சல்லடை அடைச்சா மாவு எங்கேயிருந்து விழும்? நானே மாத்திடறேன்" என்றார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வேலை ஆரம்பமானது. வீட்டுக்குப் பக்கவாட்டில் சிமெண்ட் தரை போட்ட முற்றம். லாரி அங்கே நின்று நின்று, அது இல்லாதபோதும் அதன் உருவம் எண்ணெய்க் கறையாகத் தரையில் படிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை முடித்து வந்த நாத்தனார், ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். தையல்காரி ஜன்னலோரம் மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு மடிப்புப் பட்டையின் கடைசி ஓரத்தை அடித்தாள். அங்கிருந்து பார்த்தால் புருஷனின் முதுகும், திறந்த பானெட்டும் தெரியும்.

டிரைவருக்குத் தெருவில் வைத்த பெயர் டாப் கியர். அவர் டாப் கியர் போட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். வண்டி ஓட்டுவதில் மட்டுமல்ல, எதிலும் அப்படித்தான். ஸ்பேனர்களைப் பழைய துணியில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றையும் துடைத்தார். அடியில் தகரத் தட்டை வைத்து, ஃபில்டரின் கீழே உள்ள திருகைத் திறந்தார். டீசல் முதலில் கலங்கலாக வந்தது, அடியில் கொஞ்சம் தண்ணீரும் செந்தூளும் வந்தன. அதைக் கண்டதும் அவருக்கு ஒரே திருப்தி. "பார்த்தியா? நான் சொல்லலை?" என்று அக்காவைப் பார்த்தார்.

"வயித்துல இருந்து இவ்வளவு குப்பையை எடுத்தா எனக்கும்தான் மேடு ஏற வரும்" என்றாள் அக்கா.

ஃபில்டர் இருக்கிற இடம் இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சந்து. அங்கே கை எட்டும், கண் எட்டாது. அதில் அவருக்குக் கவலை இல்லை. என் விரலுக்குக் கண் இருக்கிறது என்பது அவர் அடிக்கடி சொல்கிற பேச்சு. ஒரு பழைய பெல்ட்டைச் சுற்றி இறுக்கி, பல்லைக் கடித்துத் திருப்பினார். பழைய ஃபில்டர் கிரீச்சென்று கழன்று வந்தது. அது மாட்டியிருந்த இரும்புத் தலையைக் கையை விட்டுத் துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

அடுத்துச் செய்ததும் அவருடைய வழக்கம்தான். வண்டியிலிருந்து கழற்றிய எந்தப் பழைய சாமானும், புதுசின் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வீட்டு எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். பழசும் புதுசும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது, பார்த்தால் புதுசுக்கு வேலை ஓடாது என்பார். போன வருஷம் டயர் மாற்றியபோது பழைய டயரைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் புதுசைத் தொட்டார். அதே மாதிரி இப்போதும் பழைய ஃபில்டரைச் செய்தித்தாளில் சுற்றி, வெளிக்கேட்டுக்கு அப்பால் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பிறகுதான் அட்டைப் பெட்டியைப் பிரித்தார்.

புது ஃபில்டரில் நல்ல டீசலை ஊற்றி நிரப்பினார். அதன் முகத்தில் இருந்த ரப்பர் வாஷரில் விரலால் டீசலைத் தடவினார். சந்துக்குள் கையை விட்டு, கைவலு மட்டும் கொடுத்துத் திருகி முடித்தார். எல்லாம் முறைப்படி, பதறாமல். தையல்காரிக்கே மனசு லேசாயிற்று. அவள் பட்டையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்த நேரம், அவர் சீட்டில் ஏறிச் செல்ஃப் அடித்தார்.

லாரி பிடித்துக்கொண்டது. நல்ல கனமான சத்தம். நாத்தனார்கூட டப்பிலிருந்து ஒரு காலை எடுத்து வெளியே வைத்தாள். அப்புறம் அந்தச் சத்தம் மெல்ல மெலிந்தது. பேச்சை மறந்தவன் மாதிரி இரண்டு தடவை தடுமாறி நின்றது.

ஏர் பிடித்திருக்கிறது, எடுத்தால் சரியாகிவிடும் என்று டிரைவர் இறங்கி வந்தார். ஃபில்டர் தலையின் மேல் கட்டை விரலால் அமுக்குகிற மாதிரி ஒரு சின்னக் கைப் பம்பு உண்டு. பக்கத்தில் ஒரு திருகு. அந்தத் திருகை லேசாகத் தளர்த்திவிட்டுப் பம்பை அமுக்கினால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று டீசலோடு குமிழி குமிழியாக வெளியே வரும். குமிழி நின்று வெறும் டீசல் வந்தால் திருகை இறுக்கிவிடலாம். அவர் அமுக்கினார். குமிழி வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் வந்தது. கொதிக்கிற உலை மாதிரி அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

செல்ஃப் அடித்தார். பிடித்தது, ஓடியது, நின்றது. ஃபில்டரை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். குழாய்களின் கிளிப்பை எல்லாம் இறுக்கினார். மறுபடி பம்பு, மறுபடி குமிழி. பேட்டரியும் சலித்துப்போய்க் கரகரத்தது.

"ஏன்டா, பழசும் புதுசும் ஒண்ணையொண்ணு பார்த்துடுச்சோ?" என்றாள் நாத்தனார்.

அவர் திரும்பாமல் பம்பை அமுக்கினார். அது அவளுக்குப் போதவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பித் தம்பி பெண்டாட்டிக்குக் கதை சொல்ல ஆரம்பித்தாள். "உனக்கு இந்த வழக்கம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியுமா? நீ வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை இதே ஃபில்டரை மாத்தினான். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சான். டீ குடிச்சான். புதுசைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டுட்டுப் பழசையே துடைச்சு மாட்டிட்டான். ஓட்டிப் பார்த்துட்டு வந்து, அக்கா, இப்பதான் வண்டி பறக்குதுன்னான். அதுலேர்ந்துதான் ஒண்ணையொண்ணு பார்க்கக் கூடாதுங்கற சாஸ்திரம்."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் புருஷனின் முதுகைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் கோபமாக இருக்கும்போது கத்துவார். வருத்தமாக இருக்கும்போதுதான் இப்படிச் சத்தமில்லாமல் இருப்பார்.

வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் இருந்த வெயில் மாடிக்கு ஏறிவிட்டது. நாத்தனார் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "இருட்டப்போகுது. அந்த முட்டைக்காரர்கிட்ட என்ன சொல்லப் போறே? உன் புருஷன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்தா திரை தானா நடந்து மேடு ஏறுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் அண்ணி."

"அவன் என் தம்பி. எனக்கும்தான் பாசம் இருக்கு. அதுக்காக உன் வேலையைப் பாழாக்கிக்கச் சொல்ல மாட்டேன்."

தையல்காரி டீ போட்டு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். அவர் வாங்கி பானெட்டின் ஓரத்தில் வைத்தார், குடிக்கவில்லை. அவள் கேட்காமலே ஸ்பேனரை எடுத்துத் திருகைத் தளர்த்திப் பிடித்தாள், அவர் பம்பை அமுக்கினார். சுண்டு விரல் அகலம் கூட இல்லாத அந்த ஓட்டையில் குமிழிகள் நுரைத்து உடைந்தன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ காற்று உள்ளே போகிறது, எல்லா இடத்தையும் பார்த்துவிட்டேன் என்று அவர் சொன்னார். பிறகு பம்பை விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"திரையை நாளைக்கு மறுநாள் மாட்டினா ஆகாதா?"

"ஆகாதுங்க."

"சரி" என்றார். இறுக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு கிளிப்பை மறுபடி இறுக்கினார்.

அந்தச் சரியைக் கேட்டபோது அவளுக்குத் திரைகூட மறந்துபோயிற்று. தன் கையிலிருந்த ஸ்பேனரையும், தட்டில் படிந்த செந்தூளையும், துணியில் வரிசையாக இருந்த சாமான்களையும் பார்த்தாள். எல்லாம் இருந்தன. கழற்றியது மட்டும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு சட்டம் உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால் புது ஊசி சும்மா தர மாட்டார்கள். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடி, ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, முழு ஊசியாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒரு கடுகளவு குறைந்தாலும் அந்த மேசையில் வேலை நின்றுவிடும். காணாமல் போனது துணிக்குள் இருக்கும், நாளைக்கு யார் உடம்பிலோ குத்தும் என்பார்கள். அந்தப் பழக்கம் அவளை விடவே இல்லை. இன்றைக்கும் ஒரு சட்டைக்குப் பட்டன் மாற்றினால், புதுசு ஏறி முடிகிற வரை பழைய பட்டனையும் அறுத்த நூலையும் மேசையை விட்டு எடுக்க மாட்டாள். புருஷன் பழசை விரட்டிவிட்டு வேலை செய்கிறவர். அவள் பழசைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவள். இத்தனை வருஷமும் லாரி அவர் வேலை, துணி அவள் வேலை என்று இருந்ததால் இரண்டும் மோதிக்கொண்டதில்லை.

"பழைய ஃபில்டரை ஒரு தடவை பார்க்கணும்" என்றாள்.

"அதைப் பார்த்து என்ன செய்யப் போறே? அது செத்துப்போனது."

"கழட்டினது முழுசா வந்துச்சான்னு பார்க்கணுங்க."

அவள் கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள்.

குப்பைத் தொட்டியில் சாயங்காலத்துக் குப்பையும் சேர்ந்திருந்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, காய்கறித் தோலையும் அட்டைகளையும் ஒதுக்கிக் கையை விட்டாள். டீசல் வாடையை வைத்துத்தான் பொட்டலத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. நிமிர்ந்தபோது முட்டைக்காரர் தன் கேட்டில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஏதாவது தொலைஞ்சுபோச்சா?"

"அதைத்தான்ணே பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நாளைக்கு என்ன முடிவு? லோடுக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டார். இப்ப சொல்லிட்டா நல்லது."

தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. அவள் செய்தித்தாளைப் பிரித்து, ஃபில்டரின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நடுவில் மரை போட்ட ஓட்டை. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். வெளி ஓரத்தில் வட்டமாக ஒரு பள்ளம். புதுசில் அந்தப் பள்ளத்தில்தான் ரப்பர் வாஷர் உட்கார்ந்திருந்தது, அவர் டீசல் தடவியதை ஜன்னலில் இருந்து பார்த்தாளே. இதில் பள்ளம் காலியாக இருந்தது. செய்தித்தாளை உதறிப் பார்த்தாள். தொட்டிக்குள் மறுபடி குனிந்து பார்த்தாள். எங்கேயும் இல்லை.

இல்லையென்றால் அது லாரியில்தான் இருக்கிறது. பழைய வாஷர் அந்த இரும்புத் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதன் மேலேயே புது வாஷர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று. எப்படிப் பொருந்தும்? காற்று போகாமல் என்ன செய்யும்?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் மெக்கானிக் இல்லை. கையில் இருந்ததெல்லாம் ஒரு காலிப் பள்ளம்தான். முட்டைக்காரரோ பதிலுக்காகக் காத்திருந்தார். வேன் வேணும் என்று சொன்னால் திரை பத்திரமாகப் போய்ச் சேரும். உள்ளே ஒரு மனுஷர் சரி என்று சொல்லிவிட்டு நிற்கிறார்.

"வேன் வேண்டாம்ணே. எங்க வண்டியிலேயே போயிடறோம். நீங்க முட்டை லோடை ஏத்திக்கோங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு திடமாக வருமென்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. காலையில வந்து கதவைத் தட்டினா நான் இருக்க மாட்டேன்."

"யோசிச்சுட்டேன்ணே."

திரும்பினால், கேட்டுக்கு உள்பக்கம் டிரைவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

அவள் ஃபில்டரை நீட்டினாள். காலிப் பள்ளத்தில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அவர் பார்த்தார். தன் விரலாலும் ஒரு சுற்றுச் சுற்றினார். அதை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

புது ஃபில்டரைக் கழற்ற வேண்டியிருந்தது, நன்றாக இறுக்கி வைத்திருந்ததால் மறுபடி பெல்ட்டைப் போட்டு இழுத்தார். அவள் டார்ச்சைப் பிடித்தாள். வெளிச்சத்தில் பார்த்தாலும் அந்த இரும்புத் தலை வெறும் இரும்பாகத்தான் தெரிந்தது. அத்தனை வருஷ அழுக்கும் சூடும் சேர்ந்து ரப்பரை இரும்போடு இரும்பாக்கியிருந்தன. அவர் ஸ்குரூ டிரைவரின் முனையை ஓரத்தில் வைத்து மெல்ல நெம்பினார். ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டது. விரலால் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வந்தது, குழந்தையின் கறுப்பு வளையல் மாதிரி. அதைப் பழைய ஃபில்டரின் பள்ளத்தில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"முழுசா வந்துடுச்சு" என்றாள் அவள்.

படியில் நின்ற நாத்தனார் எதையோ சொல்ல ஆரம்பித்து, தம்பியின் முகத்தைப் பார்த்து, டப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இரும்புத் தலையை அவர் மறுபடி துடைத்தார். இந்தத் தடவை துடைத்துவிட்டு, கண்ணாடித் துண்டு ஒன்றை உள்ளே காட்டி அதில் பார்த்தார். ஃபில்டரைத் திருகினார். அவள் திருகைப் பிடிக்க, அவர் பம்பை அமுக்கினார். குமிழி வந்தது, குறைந்தது, ஒன்றிரண்டாக வந்தது, நின்றது. கண்ணாடி மாதிரி டீசல் வழிந்து அவள் மணிக்கட்டில் இறங்கியது. இறுக்கு என்றார். இறுக்கினாள்.

பேட்டரியில் மிச்சமிருந்த உயிரில் லாரி பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை சத்தம் மெலியவில்லை. அவர் சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டியைத் தெருவுக்கு எடுத்துக் கோடி வரை போய்வந்து நிறுத்தினார். அதற்கப்புறம்தான் கேட்டார்.

"வேன் சொல்லி வெச்சிருந்தியா?"

"ஆமாங்க."

"எப்போ?"

"வண்டி ரெண்டாம் தடவை மேட்டுல நின்ன அன்னிக்கு."

பொய் சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பவும் நம்பியிருப்பார். ஆனால் சொல்லத் தோன்றவில்லை. அவர் தலையை ஆட்டினார். குழாயடியில் உட்கார்ந்து சோப்புத் தூளைப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் கேட்டைத் திறந்து வெளியே போனார்.

தையல்காரி முன்னறையில் திரையை மடிக்க ஆரம்பித்தாள். மனசு துணியில் இல்லை. மடிப்பு கோணிக்கொண்டு போயிற்று, பிரித்து மறுபடி மடித்தாள். நாத்தனார் மறுமுனையைப் பிடித்தாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவான், பசி வந்தால் கோபம் இருந்த இடம் தெரியாது, அவனை எனக்குத் தெரியாதா என்று சமாதானம் சொன்னாள்.

அவர் திரும்பி வந்தபோது திரை நாலு பெரிய மூட்டையாக இருந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, ஒரு மூட்டையைத் தூக்கி எடை பார்த்தார்.

"முட்டைக்காரர்கிட்ட பேசிட்டேன். காலையில நம்ம பின்னாடியே வேனை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டார். மண்டபம் வரைக்கும் காலி வண்டியா வருவார். அப்புறம் போய் முட்டை ஏத்திக்குவார்."

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்குங்க? வண்டிதான் ஓடுதே."

"ஓடுது."

"பின்னே?"

"ஓடலைன்னா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த லாரியைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. மூட்டையின் முடிச்சை இறுக்கினாள்.

"முட்டை காத்திருக்காதுன்னாரே" என்றாள் கடைசியில்.

"நான் கேட்டா காத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, சாப்பாடு என்ன என்று பார்க்கச் சமையலறைக்குள் போனார்.

காலையில் லாரியின் பின்தட்டில் துவைத்த போர்வைகளை விரித்து மூட்டைகளை ஏற்றினார்கள். நாத்தனார் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லியிருந்தாள். இது நடுவழியில் நின்றால் நானாவது ஊர் போய்ச் சேர வேண்டாமா என்று அவள் வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். தையல்காரி புருஷன் பக்கத்தில்.

மேட்டு ரோடு ஆரம்பத்தில் தணிவாக ஏறி, ஒரு மருந்துக்கடையைத் தாண்டியதும் திடீரென்று செங்குத்தாகும். அந்த மருந்துக்கடை வளைவில்தான் லாரி தும்மும். வளைவு நெருங்கியதும் அவர் கியரைக் குறைத்தார். இன்ஜின் கனத்தது. ஒரே சீராகக் கனத்துக்கொண்டே போனது. மருந்துக்கடைப் பலகை ஜன்னலில் வந்து, நகர்ந்து, பின்னால் போனது. பின்னாலிருந்து ஹாரன் விடாமல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் முட்டைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இந்த வேகத்தில் போனால் என் வண்டி நின்றுவிடும், கொஞ்சம் மிதியப்பா என்கிற அர்த்தம். டாப் கியர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மாட்டு வண்டி வேகத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மண்டப வாசலில் நிறுத்தியும், அணைத்தால் மறுபடி பிடிக்குமோ என்ற பயத்தில் அவர் இன்ஜினை அணைக்கவில்லை. மூட்டைகளை இறக்கினார்கள், ஏணியைத் தேடினார்கள், பழைய திரையைக் கழற்றிக் கீழே போட்டார்கள். அத்தனை நேரமும் லாரி வெளியே உறுமிக்கொண்டே இருந்தது. முட்டைக்காரர் நாத்தனாரிடம் விடைபெற்றுக்கொண்டு கிளம்பிப் போனார். பொறுப்பாளர் இரண்டு தடவை வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, புகை உள்ளே வருகிறதே என்று முகத்தைச் சுளித்தார்.

தையல்காரி ஏணி உச்சியில் நின்று கம்பியில் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியும் மேலே ஏறிவிட்டது, மடிப்புப் பட்டை மட்டும் பாக்கி. உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஏணியடிக்கு வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அணைச்சிடட்டுமா?"

வாயைத் திறந்தால் ஊசி விழும். அவள் கீழே பார்த்துச் சரி என்று தலையை ஆட்டினாள்.

அவர் வெளியே போனார். இன்ஜின் நின்றது. அவள் திரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். கொக்கிகள் கம்பியில் சரசரவென்று ஓட, கருஞ்சிவப்பு வெல்வெட் மேடையின் இந்தக் கோடியிலிருந்து நடு வரைக்கும் மெதுவாக வந்து நின்றது.